வில்லிஸ் பிக்கப்புக்கு முன் டிஸ்க்: ஹப்பிலிருந்து பெடல் வரை

அல்சூரில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்த இந்த வண்டி 1950களின் வில்லிஸ் பிக்கப். நான்கு சக்கர இழுவை, ஒரு டன் வகை. வண்டிக்காரர் சேலத்துக்காரர், வேலைக்காகப் பெங்களூர் வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் ஃபிரேசர் டவுனிலேயே தங்கிவிட்டார். அவருடைய அப்பா காலத்தில் இந்த வண்டி ஏற்காட்டுத் தோட்டத்தில் காபி மூட்டை சுமந்தது. இதை ஓட்டிக்கொண்டே ஊருக்குப் போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

பெங்களூரிலிருந்து ஏற்காடு என்றால் கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். அப்புறம் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றம். திரும்பும்போது அத்தனையும் இறக்கம். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் நிற்காமல் லாரிகள் ஒன்றோடொன்று மோதிய செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம்.

"தம்பி, முன்னாடி ரெண்டு டிஸ்க் மாட்டிக் குடுத்துடுங்க, போதும்" என்றார் வண்டிக்காரர். பழைய டிரம் பிரேக்கில் ஷூ உள்ளிருந்து விரிந்து டிரம்மைப் பிடிக்கும்; டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் காலிப்பர் இருபுறமும் பேட்டால் கவ்விப் பிடிக்கும். பழைய வண்டிக்கு டிஸ்க் போட்ட பிறகும் பிரேக் சரியில்லை என்று பட்டறை பட்டறையாக அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். டிஸ்க்கை மாட்டியிருப்பார்கள்; அதைச் சுமக்கும், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பையும், பெடலை மிதித்தால் அதற்கு ஆயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் பழையபடியே விட்டிருப்பார்கள். ஹப்பில் ஆரம்பித்துப் பெடலில் முடிகிற ஒரே கணக்கு இது. நடுவில் ஒன்றை விட்டாலும் போட்ட காசு வீண். அதனால்தான் இந்த வேலையை முழுசாக எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக

வில்லிஸ் ஓவர்லேண்ட் கம்பெனி இந்தப் பிக்கப்பை 1947இல் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். 1965 வரை தயாரிப்பில் இருந்தது. வீல்பேஸ் 118 அங்குலம், ஏறக்குறைய 3 மீட்டர். அதே 1947இல்தான் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. அந்தத் தொடர்பு இருப்பதால் இன்றைக்கும் ஜே.சி. ரோட்டில் 'ஜீப் சாமான்' என்று கேட்டால் இந்தப் பிக்கப்புக்குப் பொருந்துகிற பல பொருட்கள் கிடைக்கின்றன. சக்கர நட் ஏறும் ஐந்து ஸ்டட்களும் ஐந்தரை அங்குல வட்டத்தில், அதாவது 139.7 மி.மீ. வட்டத்தில் நிற்கின்றன. மஹிந்திரா ஜீப்பிலும் மாருதி ஜிப்ஸியிலும் இதே வட்டம். இது பெரிய வசதி. அடாப்டர் தட்டு எதுவும் போடாமலே டிஸ்க் தேடலாம்.

எஞ்சின் மட்டும் பழைய பெட்ரோல் இல்லை. தோட்டத்தில் இருந்த காலத்திலேயே நான்கு சிலிண்டர் டீசல் ஏற்றி ஆர்.சி.யிலும் பதிந்திருந்தார்கள். இது பிரேக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம் போலத் தெரியும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் பற்றிப் பேசும்போது இதற்கே திரும்ப வர வேண்டியிருக்கும்.

கழற்றிப் பார்த்தபோது

பெடல் முதல் மிதியில் பாதிக்கு மேல் இறங்கியது. இரண்டாவது மிதியில்தான் பிடித்தது. பிடிக்கும்போது வண்டி இடதுபக்கம் இழுத்தது. வேகம் 40ஐத் தாண்டினால் ஸ்டியரிங்கில் நடுக்கம்.

இடதுபக்கச் சக்கரங்களில் இரண்டு ஸ்டட் முறிந்திருந்தன. வில்லிஸில் இடதுபக்க ஸ்டட்களுக்கு இடது மரை. நட்டைக் கழற்ற வலமாகச் சுற்ற வேண்டும். இதைத் தெரியாத யாரோ பஞ்சர் கடையில் பைப்பை மாட்டி வழக்கம்போல இடமாகத் திருகியிருக்கிறார்கள். பழைய ஜீப் வகை எதையும் தொடும் முன்பு ஸ்டட் முனையைத் துடைத்துப் பாருங்கள். மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

வலது முன் டிரம்மைக் கழற்றியதும் கியர் ஆயில் வாடை முகத்தில் அடித்தது. ஷூவின் மேல் உராயும் பட்டையான லைனிங் முழுக்கக் கறுப்புப் பசை. துணியால் துடைத்த பிறகும் ரிவெட் குழிகளில் எண்ணெய் ஊறி நின்றது. கட்டைவிரலை அழுத்தினால் குழியின் ஓரத்தில் ஒரு கோடு போல மேலே வந்தது. அந்த அளவுக்கு ஊறிய லைனிங்கை எதைப் போட்டுக் கழுவினாலும் பயனில்லை. சூடேறினால் உள்ளே இருக்கும் எண்ணெய் திரும்ப மேலே வரும். வலது சக்கரம் பிடிக்கவில்லை, இடது மட்டும் பிடித்தது. வண்டி இடதுபக்கம் இழுத்ததற்கு விளக்கம் அவ்வளவுதான்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது? இந்த முன் ஆக்ஸில் மூடிய நக்கிள் வகை. ஆக்ஸில் குழாயின் முனையில் ஒரு பந்து; அதன்மேல் கிண்ணம் கவிழ்த்தது போல நக்கிள். உள்ளே திரும்பும் ஜாயிண்ட். குழாயின் உள்ளே இருக்கும் ஆயில் சீல் போய்விட்டால், டிஃபரன்ஷியலில் இருக்கும் 90 எண் கியர் ஆயில் நக்கிளுக்குள் நுழைந்து அங்கிருக்கும் கிரீஸைக் கரைக்கும். கரைந்த கிரீஸ் ஸ்பிண்டில் வழியாக ஹப்புக்கு வந்து, ஹப் சீலைத் தாண்டி லைனிங்கில் இறங்கும். இந்த வழி அடைபடாமல் டிஸ்க் போட்டால் புது பேட் எண்ணெயில் ஊறும்.

அடுத்தது பேரிங். முன் ஹப்பில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங். இரண்டும் ஒரே எண்: டிம்கென் 18590 கோன் (உள்வளையம்), 18520 கப் (வெளிவளையம்). உள்விட்டம் 41.275 மி.மீ., வெளிவிட்டம் 73.025 மி.மீ. வலது உள் கப்பில் ரோலர் ரோலராகத் தழும்பு விழுந்திருந்தது. இரண்டு நட்டுகளுக்கும் நடுவில் இருக்கும் லாக் வாஷரின் நாக்கு அறுந்து, நட் தானாகத் தளர்ந்திருந்தது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கை உணரும் அளவுக்கு ஆட்டம். ஸ்டியரிங் நடுக்கத்துக்குக் காரணம் இங்கே இருந்தது.

பேரிங் ஆட்டத்தை நிறையப் பேர் சத்தம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே பார்க்கிறார்கள். டிரம்மில் ஓரளவுக்கு இது மறைந்துவிடும். டிஸ்க்கில் மறையாது. ஹப் ஆடினால் டிஸ்க் சாயும். சாய்ந்த டிஸ்க் ஒவ்வொரு வளைவிலும் பேட்டைப் பின்னால் தள்ளும். நேர்ச்சாலைக்கு வந்து மிதிக்கும்போது பெடல் முதலில் அந்த இடைவெளியை நிரப்பப் போகும். மலையிறக்கத்தில் அது ஓட்டுகிறவரின் உயிரோடு விளையாடுவது.

டிரம்களையும் அளந்தோம். புதிதில் 11 அங்குலம். 60 தௌ (0.060 அங்குலம்) வரை கடைந்து எடுக்கலாம் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் எல்லை. இடது டிரம் 11.120, வலது 11.090. எத்தனையோ முறை லேத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. டிரம்மின் வளைவு பெரிதாகிவிட்டதால் ஷூ நடுவில் மட்டும் தொட்டது. இரண்டு ஓரங்களிலும் லைனிங் புதுசு போலவே இருந்தது.

இந்த இடத்தில் வண்டிக்காரரிடம் ஒன்றைச் சொன்னேன். புது டிரம், புது ஷூ, நல்ல சீல், நல்ல பேரிங் போட்டாலே இந்த வண்டி பெங்களூர் நகரத்துக்குள் சரியாக நிற்கும். வில்லிஸ் பிக்கப்பின் 11 அங்குல டிரம் சின்ன பிரேக் கிடையாது. சிறிய ஜீப்புக்கே இதைத் தேடிப் பிடித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க் வேண்டுமா என்பதை மலைதான் தீர்மானிக்க வேண்டும்.

மலை என்ன செய்யும்

எடைமேடையில் காலி வண்டி 1480 கிலோ. முன்னால் 830, பின்னால் 650. ஆட்களும் சாமானும் சேர்த்து 1900 கிலோ என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் பிரேக்குக்குள் போகும் சூடு சுமார் 264 கிலோ ஜூல். இதே வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 1860 கிலோ ஜூலுக்கு மேல். அதாவது ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கமும் 60லிருந்து ஏழு முறை நிறுத்துவதற்குச் சமம். கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுதும் சக்கரத்துக்குப் போகிறது.

டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போகும். டிஸ்க் சூடேறினால் தடித்துப் பேட்டை நோக்கி வரும். டிரம்முக்குள் சூடு அடைபட்டுக் கிடக்கும். டிஸ்க்கில் காற்று நேராகப் படும். ஏற்காடு இறக்கம் என்றால் முன் சக்கரங்களில் டிஸ்க் வேண்டும் என்று நானும் ஒப்புக்கொண்டது இதனால்தான்.

பிரேக் ஆயிலும் இதே கணக்கில் சேரும். டாட் 3 தர ஆயில் புதிதில் 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு 140. டாட் 4 புதிதில் 230, ஈரத்தோடு 155. இந்த வண்டியில் இருந்த ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. அதை இறக்கி, பைப்பெல்லாம் மாற்றி, டாட் 4 ஊற்றினோம்.

ஹப் வேலை

வில்லிஸ் ஹப்பில் டிரம்மைப் பிடித்திருப்பது ஸ்டட்தான். கம்பெனியில் ஸ்டட்டின் கழுத்தை டிரம்மோடு சேர்த்து நசுக்கி விரித்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினால் விரிந்த கழுத்து துளையையும் இழுத்துக்கொண்டு வரும். துளை பெரிதாகிவிடும், அந்த ஹப் வீண். முதலில் ஸ்டட்டைச் சுற்றி நசுங்கிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். பீன்யா தொழிற்பேட்டையில் எங்களுக்கு வழக்கமாகக் கடைசல் செய்து தரும் அண்ணன், ஸ்டட்டின் மேல் உட்காரும் குழல் வடிவக் கட்டர் ஒன்றை அவரே செய்து வைத்திருக்கிறார். ஒரு ஸ்டட்டைச் சுற்றி அதை மெதுவாக இறக்கும்போது பளபளவென்று ஒரு வளையம் மட்டும் தனியாகக் கழன்று வந்தது. அதற்கப்புறம் ஸ்டட் பிரஸ்ஸில் லேசாக இறங்கிவிட்டது. துளை அப்படியே இருந்தது.

"தம்பி, ஹப் மூஞ்சிய கடையறதுக்கு முன்னாடி புது கப்ப உள்ள ஏத்திக் கொண்டா. கப்ப வெச்சுத்தான் நான் சென்டர் பிடிப்பேன்" என்றார். இது பொன்னான பேச்சு. சக்கரம் சுற்றுவது பேரிங் கப்பை ஆதாரமாக வைத்துத்தான். ஹப்பின் வெளிவிளிம்பைப் பிடித்துக் கடைந்தால் பார்க்க நேராக இருக்கும், சுற்றினால் ஆடும். கடைவதற்கு முன் ஹப் முகத்தில் டயல் கேஜ் 0.18 மி.மீ. காட்டியது. புது கப்பில் சென்டர் பிடித்துக் கடைந்த பிறகு, டிஸ்க்கையும் மாட்டி, டிஸ்க்கின் ஓரத்தில் வைத்துப் பார்த்தால் 0.04. பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் பெடலில் துடிப்பு தெரியும். எனவே இது நல்ல அளவு.

இரண்டு பக்கமும் வலது மரை ஸ்டட்டே போட்டோம். பழமையை விரும்புகிறவர்கள் இதில் என்னோடு சண்டைக்கு வரலாம். நெடுஞ்சாலையில் நடுராத்திரி டயர் மாற்ற நேர்ந்தால், உதவிக்கு வருகிறவருக்கு இடது மரை தெரியாது. அதுதான் என் காரணம்.

உள் சீல், ஹப் சீல், நக்கிளின் வெளிச் சீல் எல்லாம் புதுசு. பேரிங் நட்டை, சக்கரம் இறுகும் வரை சுற்றிக்கொண்டே முறுக்கி, அப்புறம் ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, புது லாக் வாஷரை மடித்து, இரண்டாம் நட்டைப் போட்டுப் பூட்டினோம். இதற்கு அளவான குழல் சாவி வேண்டும். உளியை வைத்துத் தட்டி நட்டைச் சுற்றுகிற பழக்கம் நம் ஊரில் எல்லாத் திசையிலும் இருக்கிறது. அதில் சிதறுகிற பிசிர் நேராகப் பேரிங்குக்குள்தான் விழும்.

டிஸ்க்கும் காலிப்பரும்

டிஸ்க்கை வண்டிப் பெயர் சொல்லி வாங்காதீர்கள். அளவு சொல்லி வாங்குங்கள். ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே வருஷத்துக்கு வருஷம் தொப்பியின் ஆழமும் நடுத்துளையும் மாறும். எங்களுக்கு வேண்டியது: 139.7 வட்டத்தில் ஐந்து துளை, வெளிவிட்டம் 280 மி.மீ., நடுவில் காற்றோட்ட இடைவெளி உள்ள வகை, ஹப்பின் கழுத்துக்கு ஏற்ப நடுத்துளையைப் பெரிதாக்கக் கொஞ்சம் சதை. வெர்னியரோடு ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, அளவு ஒத்துவந்ததைப் புதிதாக வாங்கினோம். காலிப்பர் ஒற்றைப் பிஸ்டன், 54 மி.மீ. காலிப்பரைச் சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், பாதி விலைக்கு எடுக்கலாம் என்று வண்டிக்காரர் கேட்டார். கதவு, கண்ணாடி, விளக்கு வளையம் எல்லாம் குஜிரியில் எடுங்கள், நானே கூட வருகிறேன். உள்ளே துரு எப்படி இருக்கிறது என்று தெரியாத காலிப்பரை மட்டும் அங்கே எடுக்க வேண்டாம்.

காலிப்பரைத் தாங்க பிராக்கெட் வேண்டும். நக்கிளிலேயே வெல்டிங் அடித்துவிடலாம் என்று சொல்கிற பட்டறைகள் உண்டு. நான் செய்ய மாட்டேன். நக்கிள் வார்ப்பில் வந்த பொருள். வெல்டிங் சூட்டில் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடலாம். அதோடு நக்கிள் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங் உட்காரும் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. இதற்கு நல்ல வழி வண்டியிலேயே இருக்கிறது. ஸ்பிண்டிலை நக்கிளோடு சேர்த்துப் பிடிப்பவை ஆறு போல்ட்டுகள். அவற்றுக்கு நடுவில்தான் பழைய டிரம்மின் பின்தட்டு மாட்டியிருந்தது. தட்டை எடுத்துவிட்டு அதே ஆறு துளையில் 12 மி.மீ. எஃகு பிராக்கெட்டை உட்கார வைத்தோம். முதலில் அட்டையில் வெட்டி, அப்புறம் பிளைவுட்டில் வெட்டிப் பார்த்து, அளவு முடிவான பிறகே பீன்யாவில் எஃகில் லேசர் கட்டிங். போல்ட் 10.9 தரம். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பார்த்தோம்.

16 அங்குல ரிம் காலிப்பரில் இடிக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைக் காலிப்பரின் முதுகிலும் முகத்திலும் தடவி, ரிம்மைப் போட்டு ஒரு சுற்று சுற்றி, கழற்றிக் களிமண்ணின் கனத்தை அளந்தோம். முதுகில் 9 மி.மீ., முகத்தில் 5. முகத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அதற்காக ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ள நான் விரும்பவில்லை. பேரிங்குக்கும் கிங் பின்னுக்கும் சுமை கூடும். 5 மி.மீ. போதும்.

மாஸ்டர் சிலிண்டர் கணக்கு

பழைய டிரம்மில் சக்கரம் சுற்றுகிற வேகமே முன் ஷூவை டிரம்மோடு இழுத்து அழுத்தும். காலின் பலத்தோடு அந்த இழுப்பும் சேரும். டிஸ்க்கில் அந்த உதவி துளியும் கிடையாது. பேட்டை அழுத்துவது ஆயிலின் அழுத்தம் மட்டுமே. டிஸ்க் போட்டதும் 'பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டி நிக்கல' என்று சொல்வது இதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். கால் 20 கிலோ அழுத்துகிறது. தரை வழியாக வரும் இந்த வண்டியின் பெடல் விகிதம், அளந்து பார்த்தால், 6க்கு 1. புஷ் ராடில் 120 கிலோ. மாஸ்டர் சிலிண்டர் ஒரு அங்குலம், பரப்பு 5.07 சதுர செ.மீ. ஆக ஆயிலின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 23.7 கிலோ. 54 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 22.9 சதுர செ.மீ.; பேட் அழுத்துவது 540 கிலோ சொச்சம். பேட்டின் உராய்வு 0.38, இரண்டு முகம், டிஸ்க்கின் வேலை ஆரம் 115 மி.மீ., டயரின் ஆரம் 360 மி.மீ. சாலையில் ஒரு முன் சக்கரத்துக்குக் கிடைப்பது சுமார் 130 கிலோ, இரண்டுக்கும் 260. 1480 கிலோ வண்டிக்கு இது 0.18 ஜி, அதாவது வண்டி எடையில் 18 சதவீதப் பிடி. சந்தில் மெதுவாகப் போகும்போது போதும், நெடுஞ்சாலையில் போதாது.

மாஸ்டரின் விட்டத்தைக் குறைத்தால் அழுத்தம் கூடும். முக்கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே, 7/8 அங்குலம் போட்டால் அழுத்தம் 30 சதவீதம் ஏறும். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் தள்ளுகிற ஆயில் குறையும். முன் காலிப்பர் இரண்டும் பின் வீல் சிலிண்டர்களும் கேட்கும் ஆயிலைக் கணக்குப் போட்டால், ஒரு அங்குல மாஸ்டரில் பெடல் ஐந்து செ.மீ.க்குள் பிடிக்கும்; 7/8இல் ஆறு செ.மீ.யைத் தொடும். லைனிங் தேய்ந்தால் இன்னும் கீழே. ஆகவே விட்டத்தை ஒரு அங்குலத்திலேயே வைத்து, பூஸ்டர் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம். பூஸ்டர் இரண்டரை மடங்கு தந்தால் அதே 20 கிலோ மிதிக்கு முன் சக்கரங்களில் மட்டும் 0.44 ஜி. பூஸ்டர் செத்துப்போனால்? 50 கிலோ மிதித்தால் அதே பிடி கிடைக்கும். ஒரு ஆள் பயத்தில் மிதிக்கிற அளவுதான் அது. பூஸ்டர் இல்லாமலும் நிற்கிற விட்டம் எது என்று பார்த்துத்தான் மாஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கேதான் எஞ்சின் வருகிறது. பெட்ரோல் எஞ்சினில் மேனிஃபோல்டிலிருந்தே வேக்குவம் எடுக்கலாம். டீசலில் அது கிடையாது. ஆல்டர்னேட்டரின் முதுகில் வேக்குவம் பம்ப் உள்ள வகையை மாட்டினோம். நம் நாட்டு டீசல் ஜீப்களில் காலங்காலமாக இருப்பது, உதிரி எங்கும் கிடைக்கும். நடுவில் ஒருவழி வால்வு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றின் அழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. பூஸ்டர் வேலை செய்வதே வெளிக்காற்றின் அழுத்தத்தில். அதனால் இங்கே அதன் உதவியும் அந்த அளவு குறையும், ஏற்காட்டில் இன்னும் கொஞ்சம். கணக்கில் இதற்கு இடம் விட்டுத்தான் வைத்தோம்.

பழைய மாஸ்டர் ஒற்றை அறை. எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரமும் போய்விடும். அமெரிக்க வண்டிகள் 1967 வாக்கில்தான் இரட்டை அறைக்கு மாறின. இதில் இரட்டை அறை உள்ள டேண்டம் மாஸ்டர் போட்டு முன்னுக்கு ஒரு அறை, பின்னுக்கு ஒரு அறை என்று பிரித்தோம். டிஸ்க்கே போடாவிட்டாலும் இந்த ஒரு மாற்றத்தைப் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரும் செய்ய வேண்டும்.

மாஸ்டரும் பூஸ்டரும் கேபின் தரைக்குக் கீழே, சேஸிஸில் ஏற்கெனவே இருந்த துளைகளில். அங்கே ஒரு சிக்கல் உண்டு. மாஸ்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் ஆயில் மெல்லப் பின்வாங்கி, காலையில் முதல் மிதி காலியாகப் போகும். இதற்கு 2 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பைப்பில் தேக்கி வைக்கும் வால்வு போடுவார்கள். நாங்கள் ஆயில் டப்பாவைத் தனியாகப் பிரித்து பானட்டுக்குள் ஃபயர்வாலில் உயரத்தில் வைத்தோம். சிக்கலும் தீர்ந்தது, ஆயில் மட்டம் பார்க்கத் தரைத்தட்டைக் கழற்றவும் வேண்டியதில்லை.

பைப் எல்லாம் புதிது, எஃகால் ஆன பண்டி குழாய். வெறும் செம்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்று போடுகிறார்கள். அதிர்வில் இறுகி முறியும், வேண்டாம். பழைய வண்டியின் முனைகள் அங்குல மரை, இரட்டை மடிப்பு. புதுக் காலிப்பரின் முனை மெட்ரிக், குமிழ் மடிப்பு. இரண்டையும் பலவந்தமாகச் சேர்த்தால் அன்றைக்குக் கசியாது, சூட்டில் கசியும். சந்திக்கும் இடத்தில் இரண்டு மரையும் உள்ள இணைப்பான் போட வேண்டும்.

பின் சக்கரம்

பின்னால் டிரம்மே இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். காலி பிக்கப்பின் பின்பக்கம் லேசு. கடுமையாக பிரேக் பிடித்தால் இன்னும் லேசாகும். 0.6 ஜி பிடியில் சுமார் 200 கிலோ முன்னால் நகர்ந்துவிடும். பின்னால் மிஞ்சுவது 450 கிலோ. அந்த எடைக்கு டிஸ்க் எதற்கு? புது டிரம், ஷூ, வீல் சிலிண்டர் போதும். பின் ஹப் கூம்பு வடிவ ஆக்ஸில் முனையில் சாவியோடு இறுகியிருக்கும். சாதாரண மூன்று கால் புல்லருக்கு அசையாது. ஸ்டட்களில் பிடிக்கும் கனமான புல்லர் வேண்டும். ஆக்ஸில் முனையில் சுத்தியலால் அடிக்காதீர்கள், உள்ளே பேரிங் போய்விடும்.

பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். பின் அழுத்தத்தைக் குறைக்கக் கையால் திருகி வைக்கும் வால்வு பிக்கப்புக்குச் சரிவராது. காலியாக ஓடும்போது வைத்த அளவு மூட்டை ஏறியதும் தப்பு. எல்.எஸ்.பி.வி. என்று சொல்கிறோமே, சுமைக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு, சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் கம்பியோடு இருப்பது, அதைப் போட்டோம். சுமை ஏறி ஸ்பிரிங் பட்டை அமுங்கினால் பின்னுக்கு அழுத்தம் தானாகக் கூடும். வில்லிஸின் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. அதைத் தொடவில்லை, ஓடும்போது இழுக்கக் கூடாது என்று மட்டும் வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறோம்.

காகிதம்

ஆர்.சி.யில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு. வேலை தொடங்கும் முன்பே வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னோம். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு இவருக்கு ஒத்துவராது. அதில் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், வழக்கமான ஓட்டத்துக்கும் அனுமதி இல்லை. இவருக்கு ஓட்ட வேண்டும். சேஸிஸையோ நக்கிளையோ வெட்டாமல், வெல்டிங் அடிக்காமல் செய்ததால் பழைய டிரம், பின்தட்டு, மாஸ்டர் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி மரப்பெட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நாளைக்கு யாராவது மூல வடிவத்துக்குத் திரும்ப நினைத்தால் ஸ்பானர் மட்டும் போதும்.

ஓட்டிப் பார்த்தது

வீடு எழும்பாத ஒரு லேஅவுட்டின் காலி ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினோம். வேலைக்கு முன் இதே ரோட்டில் 31 மீட்டர்; இப்போது 17. டயர் பழைய கிராஸ் பிளை வகை. இதற்குமேல் டயர்தான் எல்லை. எட்டு சிமெண்ட் மூட்டை ஏற்றி, 400 கிலோ சுமையோடும் பார்த்தோம். பின் சக்கரம் பூட்டவில்லை, வண்டி நேராக நின்றது. எனக்குத் தூரத்தைவிட இந்த நேர்க்கோடு முக்கியம்.

அப்புறம் நந்தி மலை. 1478 மீட்டர் உயரத்திலிருந்து மூன்றாம் கியரில் இறங்கி, அடிவாரத்தில் வெப்பமானியை நீட்டினால் இடது டிஸ்க் 186 டிகிரி, வலது 192. இரண்டும் இவ்வளவு அருகில் இருந்தால் காலிப்பர் இரண்டும் ஒரே அளவு வேலை செய்கின்றன என்று அர்த்தம். 50 டிகிரி வித்தியாசம் வந்திருந்தால் ஒன்று சிக்கியிருக்கிறது என்று கழற்றியிருப்போம். ஹப்பைத் தொட்டால் கை தாங்கும் சூடு. பேரிங் சரியான இறுக்கத்தில் இருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு மிதித்துப் பார்த்தோம். பூஸ்டரில் தேங்கிய வேக்குவம் இரண்டு மிதிக்கு உதவியது. மூன்றாவது மிதி கடினமாக இருந்தாலும் வண்டி நின்றது.

வண்டிக்காரர் ஏற்காடு போய்வந்த பிறகு திரும்ப லிஃப்டில் ஏற்றினோம். பிராக்கெட் போல்ட்டுகள் வைத்த இறுக்கத்திலேயே இருந்தன. பேட் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தது. இடது நக்கிளின் வெளிச் சீலில் லேசான கசிவு தெரிந்தது. பந்தின் மேல் துருக்குழிகள் இருப்பதால் புது சீலும் அங்கே முழுசாக உட்காரவில்லை. பேட்டுக்கு இன்னும் எட்டவில்லை. பந்தைக் குரோம் ஏற்றிக் கடைந்து போட வேண்டும். அதற்கு முன் ஆக்ஸிலை முழுதாக இறக்க வேண்டும். பீன்யா அண்ணனிடம் சொல்லியாயிற்று. மழைக்காலத்துக்கு முன் அந்த வேலை.